எத்ரெத்தா, பெல்-ஈல், போனிஃபாசியோ: கடற்குகை பார்க்க எங்கே போகலாம்?

போன வாரம் தம்பி ஃபோன் பண்ணினான். மே மாசம் குடும்பத்தோடு பாரிசுக்குப் போகிறான், சார்செல்லில் பெரியக்கா வீட்டில் பன்னிரண்டு நாள் தங்கல், அதில் மூன்று நாளைக் கடல் பக்கம் போக ஒதுக்கி வைத்திருக்கிறான். "சின்னக்கா, பாறையும் குகையும் கடலும் ஒண்ணா இருக்கிற இடமா வேணும், பசங்க ரெண்டு பேரும் அதையே சொல்லிக்கிட்டு இருக்காங்க, அம்மாவும் கூட வர்றாங்க. எத்ரெத்தாவா, பெல்-ஈலா, இல்ல கோர்சிகாவுல போனிஃபாசியோவா? நீதான் மூணையும் பார்த்திருக்கியே." அவனுக்கு ஃபோனிலேயே பாதி சொன்னேன். மீதியை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் புதுச்சேரியிலும் கடலூரிலும் பிரான்சில் சொந்தக்காரர் உள்ள வீடுகளில் இதே கேள்வி வருஷா வருஷம் வருகிறது, எல்லோரும் ஈஃபில் கோபுரம் பார்த்துவிட்டு மிச்ச நாளை எங்கே கழிப்பது என்று தெரியாமல் பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பெல் கடைத்தெருவிலேயே கழித்துவிட்டு வருகிறார்கள்.

முதலிலேயே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வயசானவர்களோடு போகிறீர்கள், மூன்று நாள் கையில் இருக்கிறது என்றால் பெல்-ஈல். குகைக்குள்ளேயே போய் நிற்க வேண்டும், அதுதான் ஆசை என்றால் போனிஃபாசியோ ஒன்றுதான் வழி. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், எத்ரெத்தா.

ஆனால் படம் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். மூன்றுமே படத்தில் அழகாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டு: நிலாவும் காற்றும். இது நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது, எனக்கும் அங்கே போய் நின்ற பிறகுதான் புரிந்தது. நம் கடற்கரை தட்டையான மணல் கரை. புதுச்சேரியில் காந்தி சிலைக்குப் பின்னால் கொட்டியிருக்கிற கருங்கல்லும் நாம் கொண்டுவந்து போட்டதுதான். உயரம் என்று பார்த்தால் கடலூரில் கேப்பர் மலை, இந்தப் பக்கம் பொம்மையார்பாளையத்துச் செம்மண் பள்ளங்கள், அவ்வளவே. கடல் ஏற்றவற்றமும் அப்படித்தான். அமாவாசை, பௌர்ணமியில்கூட நம் கரையில் தண்ணீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் காலையில் பார்த்த கரை சாயங்காலமும் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும், நாமும் கடல் என்றால் இப்படித்தான் என்று பழகிவிட்டோம். எத்ரெத்தா பக்கம் பெரிய ஏற்றவற்றம் எட்டு மீட்டர் வரை வரும். இரண்டு மாடி வீட்டு உயரத்துக்குத் தண்ணீர் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெல்-ஈலில் அது ஐந்து மீட்டர் வரை. போனிஃபாசியோ மத்தியதரைக் கடல், அங்கே ஏற்றவற்றம் இருக்கிறதா என்றே கண்ணுக்குத் தெரியாது, அங்கே ராஜா காற்றுதான்.

சரி, எத்ரெத்தா. இது தீவு இல்லை, நார்மண்டிக் கரை. பாரிசில் சேன் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் லெ ஆவ்ருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். காரில் போனால் இருநூறு கிலோமீட்டர். காலையில் புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் ராத்திரி அக்கா வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளலாம், இதுதான் இதன் பெரிய வசதி.

அங்கே இருப்பது வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பாறை, எழுபது எண்பது மீட்டர் உயரச் சுவராக நிற்கிறது. அதில் குறுக்கே கறுப்புக் கோடு கோடாகத் தெரிவது சிக்கிமுக்கிக் கல். பசங்களுக்குப் பூகோளப் பாடம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது. அலை பாறையின் பலவீனமான இடத்தைத் தேடித் தேடி அடித்துக் குகை ஆக்குகிறது, குகை மறுபக்கம் துளைத்துக்கொண்டு போனால் வளைவு, வளைவின் கூரை விழுந்தால் கடலுக்குள் தனியாக ஒரு தூண். மூன்றையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம்: அவால் வளைவு யானை தும்பிக்கையைக் கடலில் விட்டதுபோல நிற்கும், பக்கத்திலேயே ஊசி என்று பெயர் வைத்த தூண், ஐம்பது மீட்டருக்கு மேல். வெள்ளைச் சுண்ணம் கரைந்து போய்விட, கரையாத சிக்கிமுக்கிக் கற்கள் உருண்டு உருண்டு கரையில் தங்கிவிடுகின்றன. அங்கே மணலே கிடையாது, முழுக்கக் கூழாங்கல்தான். அலை பின்வாங்கும்போது அந்தக் கற்கள் எல்லாம் ஒன்றோடொன்று உரசி இழுபடுகிற சத்தம், முறத்தில் மொச்சைக்கொட்டையைப் போட்டுச் சரித்ததுபோல, நின்று கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஒரு கல்கூட எடுக்கக் கூடாது, சட்டப்படி தடை, அபராதம் உண்டு. கற்கள்தான் அலையின் வேகத்தைத் தடுத்து ஊரைக் காப்பாற்றுகின்றன. பசங்க பையை நீங்களே சோதித்துவிடுங்கள்.

குகை என்றால் அவால் பாறைக்கு அடியில் ஆள் நுழைகிற ஒரு பொத்தல் இருக்கிறது, கடல் வற்றினால்தான் அதன் வாய்க்கே போக முடியும். நாங்கள் போகவில்லை, உங்களையும் போகச் சொல்ல மாட்டேன். உள்ளே போனவர்கள் திரும்பி வருவதற்குள் தண்ணீர் ஏறி மாட்டிக்கொள்வது அங்கே திரும்பத் திரும்ப நடக்கிற விஷயம். ஓவியர் மோனே வருஷக்கணக்கில் வந்துபோன இடம் இது, அவருக்கே 1885 நவம்பரில் கணக்குத் தப்பியது. தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்து மான்போர்த் என்ற பெரிய வளைவுக்கு எதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார், உண்மையில் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு அலை அவரைத் தூக்கிப் பாறையில் அடித்து, படம் வண்ணம் எல்லாவற்றையும் கொண்டுபோனது. உயிர் தப்பினார். அந்தக் கடலை அவ்வளவு உற்றுப் பார்த்தவருக்கே அப்படி என்றால், காலை பஸ்ஸில் வந்து இறங்கிய நாம் எம்மாத்திரம்.

வயசானவர்களுக்கு எத்ரெத்தா எப்படி? என் மாமியாருக்கு அப்போது எழுபது, முழங்கால் வலி. கடற்கரையை ஒட்டி நடைமேடை சமதளமாக இருக்கிறது, பெஞ்ச் இருக்கிறது, அங்கே உட்கார்ந்தே இரண்டு பக்கத்து வளைவுகளும் ஊசியும் தெரியும். மேலே ஏற நல்ல படிகள், அப்புறம் மண் பாதை, அதை நாங்கள் மட்டும் ஏறினோம். மான்போர்த் தெரிய வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும். விளிம்பில் தடுப்புக் கம்பி எல்லா இடத்திலும் இல்லை, சுண்ணக்கட்டி திடீரென்று சரியும், அதனால் மேலே விளிம்பும் வேண்டாம், கீழே சுவரின் அடியும் வேண்டாம். சனி ஞாயிறு தவிர்த்துவிடுங்கள், பாரிஸ் முழுக்க அங்கேதான் இருக்கும்.

போனிஃபாசியோ கோர்சிகாத் தீவின் தெற்கு நுனி. ஓர்லியிலிருந்து ஃபிகாரிக்கு விமானம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து இருபது கிலோமீட்டர். நெப்போலியன் பிறந்த அஜாக்சியோவும் இதே தீவுதான், ஆனால் அங்கே இறங்கினால் போனிஃபாசியோவுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர் வளைவு வளைவான ரோடு, ரயிலும் கிடையாது. விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊர் பெயரைப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள்.

ஊரே பாறை மேல் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, அடுக்கு அடுக்காக, அப்பளக் கட்டைப் பக்கவாட்டில் பார்த்ததுபோல, அதன் அடிப்பக்கத்தைக் கடல் அரித்து உள்ளே தள்ளிவிட்டது, மேலே வரிசையாக வீடுகள் கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கீழே துறைமுகத்தில் படகு ஏறினால் ஒரு மணி நேரச் சுற்று, ஸ்த்ரகோனாட்டோ குகைக்குள் கொண்டுபோகிறார்கள். நாங்கள் கண்ட மூன்று இடங்களில் உண்மையிலேயே குகைக்குள் போனது இங்கேதான். படகுக்காரர் எஞ்சினை அடக்கிவிட்டு மெதுவாக உள்ளே விட்டார். கூரையில் ஒரு பொத்தல், கோர்சிகாத் தீவின் வரைபடம் மாதிரியே வடிவம், அதன் வழியாக வெயில் செங்குத்தாக இறங்கி தண்ணீரின் அடிவரை போகிறது. தண்ணீர் கீழிருந்து விளக்கு போட்டதுபோல நீலமாக, பாறைச் சுவரில் அந்த வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்கிறது. படகில் இருபது பேருக்கு மேல் இருந்தோம், ஒருத்தரும் பேசவில்லை. என் மகன் கையை நீட்டிச் சுவரைத் தொடப் பார்த்தான், நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன், அந்தக் குளிர்ந்த ஈர வாசனை, கோயில் கருவறை வாசனையிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்கு நாங்கள் இரண்டு நாள் காத்திருந்தோம். கோர்சிகாவுக்கும் சார்தீனியாவுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கடல், இரண்டு பக்கமும் மலை இருக்கிற தீவுகள், காற்று அந்த இடுக்கில் பிதுங்கி வருகிறது. முதல் நாள் வெயில் அருமையாக அடித்தது, நாங்கள் கிளம்பிப் போனால் படகு விடவில்லை, குகை வாயில் அலை மோதினால் யாரும் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. 1855-இல் செமியாந்த் என்ற போர்க்கப்பல் அந்த நீரிணையில்தான் லவேசித் தீவுப் பாறையில் மோதி, கிட்டத்தட்ட எழுநூறு பேர் செத்தார்கள். அதனால் போனிஃபாசியோவுக்கு ஒரே ஒரு ராத்திரி என்று திட்டம் போடாதீர்கள், குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. பிச்சாவரத்தில் துடுப்புப் படகில் உட்கார்ந்துபோன நினைப்பில் வராதீர்கள், திறந்த கடலுக்கு வந்ததும் படகு நன்றாகவே தூக்கிப் போடும், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். துறைமுகத்திலிருந்து மேல் ஊருக்கு ஏற்றம் கடுமை. பாறையைச் செதுக்கி இறக்கிய 187 படிகள் இருக்கின்றன, அரகோன் ராஜாவின் படிக்கட்டு என்று பெயர், அவர் 1420-இல் முற்றுகை போட்டபோது ஒரே ராத்திரியில் வெட்டியது என்று கதை சொல்வார்கள். அம்மாவை அந்தப் பக்கமே கூட்டிப் போகாதே. ஜூலை, ஆகஸ்ட்டில் விலை எகிறிவிடும், மே நல்ல மாசம்.

இனி பெல்-ஈல். பெயருக்கே அழகிய தீவு என்றுதான் அர்த்தம், பிரான்சின் மேற்கே பிரத்தாஞ் கரைக்கு எதிரே இருப்பது, அந்தப் பக்கத்துத் தீவுகளில் பெரியது, நீளம் பதினேழு கிலோமீட்டர் இருக்கும். மோன்பர்னாஸில் ரயில் ஏறி ஓரே, அங்கிருந்து கிபெரோன் வரை பஸ், கோடையில் சின்ன ரயிலும் உண்டு, அப்புறம் கப்பலில் முக்கால் மணி நேரம். மாற்றி மாற்றி ஏறி இறங்குவது கொஞ்சம் அலுப்புதான், அரைநாள் போய்விடும், அதனால்தான் இரண்டு ராத்திரி தங்கச் சொல்கிறேன்.

கப்பல் லெ பலே துறைக்குள் நுழையும்போது இடது கையில்... இல்லை, எந்தக் கை என்பது முக்கியமில்லை, தலைக்கு மேல் கோட்டை நிற்கும். அதைப் பார்த்தவுடன் நான் மாமியாரிடம் சொன்ன கதையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். அதே வருஷம் ஜூனில் இந்தத் தீவையும் பிடித்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டுமே பிரான்சுக்குத் திரும்பின. நம் ஊர்க் கோட்டையை அவர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இங்கே கோட்டை இன்னும் நிற்கிறது. நம் ஊருக்கு வந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் புறப்பட்ட லோரியான் துறைமுகமும் அந்தக் கரையில்தான், பக்கத்தில் போர்-லூயி கோட்டையில் கம்பெனிக்கென்றே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் திரும்பும் வழியில் பாருங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தீவின் கிழக்குப் பக்கம் சாது, மேற்குப் பக்கம் அட்லாண்டிக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் காட்டுக்கரை என்றே பெயர். வெள்ளைப் பாறை இல்லை, கறுத்து, துருப்பிடித்ததுபோல, தட்டுத் தட்டாக உடைகிற பாறை. போர்-கொத்தோன் என்ற இடத்தில் கடலுக்குள் கூர்கூராக ஊசிப் பாறைகள். மோனே 1886-இல் இரண்டு வாரம் இருக்கலாம் என்று வந்தவர், இரண்டு மாசத்துக்கு மேல் தங்கி வரைந்தது இவற்றைத்தான். கொத்தோன் என்றால் பருத்தி. காற்றடிக்கிற நாளில் அந்த இடுக்குகளில் நுரை பொங்கிப் பொங்கிப் பஞ்சு மாதிரி ஆகிறது, அதனால் அந்தப் பெயர். நாங்கள் போன அன்று நல்ல காற்று. நுரை பாறையை விட்டுப் பிய்ந்து, உருண்டையாக மேலே பறந்து வந்து, மாமியாரின் சால்வையில் ஒட்டியது. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கப்பா ரோடியர் மில்லுல இருந்து வந்தா தலையில, புருவத்துல எல்லாம் இப்படித்தான் பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும், நாங்க எடுத்து விடுவோம்" என்றார். அவருடைய அப்பாவைப் பற்றி அவ்வளவு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதே இல்லை. அப்புறம் ரொம்ப நேரம் பேசினார். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து அங்கே வர கிட்டத்தட்ட சமதளப் பாதை, அவர் கைத்தடியோடு நடந்தே வந்தார், மூன்று இடங்களிலும் பாறைக்கு இவ்வளவு பக்கத்தில் அவரால் வர முடிந்தது இங்கே மட்டும்தான்.

இப்போது குகை. அப்போத்திகேரரி குகை என்று பேர்போன குகை, மருந்துக்கடைக் குகை. முன்பு நீர்க்காகங்கள் உள்ளே பாறை இடுக்குகளில் வரிசையாகக் கூடு கட்டியிருந்தனவாம், பார்க்க மருந்துக்கடை அலமாரியில் ஜாடி அடுக்கியதுபோல இருந்ததால் அந்தப் பெயர், நம் ஊர்ப் பெரிய கடை மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் தெரிகிற அதே அடுக்கு. இறங்கிப் போகப் படி இருந்தது. வழுக்கியும் அலை இழுத்தும் ஆட்கள் செத்ததால் வழியை மூடிவிட்டார்கள். உள்ளே போக முடியாது, பழைய வழியில் இறங்கிப் பார்க்கலாமா என்று யாராவது ஆசை காட்டினாலும் போகாதீர்கள். மேலே நின்று பாறைச் சுவரையும் கீழே வெள்ளையாகக் கொதிக்கிற தண்ணீரையும் பார்க்கலாம். ஏமாற்றமாக இருக்குமே என்று கேட்டால், இருந்தது, மகன் முகம் வாடிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் ஒன்று நடக்கிறது: அலை குகைக்குள் புகுந்து உள்ளே இருக்கிற காற்றை அமுக்கும்போது 'தொம்' என்று ஒரு சத்தம், காதுக்கு வருவதற்கு முன்னால் பாதத்துக்கு வருகிறது. திருவிழாவில் அதிர்வேட்டு போட்டால் நெஞ்சுக்கூட்டில் உணர்வோமே, அதுபோல. அந்த அமுக்கம்தான் பாறை விரிசலைப் பிளந்து பிளந்து குகையைப் பெரிசாக்குகிறது. மகன் மண்டிபோட்டு உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு அடுத்த அலைக்காகக் காத்திருந்தான், கிளம்ப வரவில்லை.

வடக்கு நுனியில் பூலேன் முனை. நடிகை சாரா பெர்னார் 1894-இல் அங்கே ஒரு பழைய கோட்டையை வாங்கி வருஷா வருஷம் கோடைக்கு வந்து தங்கினார். முனையின் கடைசியில் விளக்குக் கோபுரம், பெரிய ஏற்றத்தில் அந்தத் துண்டு தனித்தீவாகிவிடும், அந்தப் பக்கம் போனவர்கள் தண்ணீர் வற்றும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். ஆகவே நேரம் பார்த்துப் போங்கள். கடை, ஹோட்டல், துறைமுகம் எங்கேயும் கடல் ஏற்றவற்ற அட்டவணை கிடைக்கும், அதில் நாளுக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள், 20-இலிருந்து 120 வரை, எண் கூடினால் கடல் ரொம்ப ஏறும், ரொம்ப வற்றும். மணிக்கு அந்த அட்டவணைதான் வேண்டும், ஆனால் எந்த நாள் என்று தெரிய நம் வீட்டுத் தினசரி காலண்டரே போதும்: அமாவாசை அல்லது பௌர்ணமி முடிந்து ஒன்றிரண்டு நாளில்தான் பெரிய ஏற்றவற்றம். பாறைக்குக் கீழே நடமாடுகிற எண்ணம் இல்லை, மேலே நின்று அலையின் பலத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றால், அந்த நாட்களில் போவது நல்லதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெல்-ஈலில் கறுப்பு மாவில் மெல்லிசாக ஊற்றித் தரும் கலெத் கிடைக்கும், நம் தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கை, அம்மா ஊறுகாய் கொண்டுபோனால் பிரச்சினையே இல்லை. எத்ரெத்தாவில் நீங்கள் கட்டிப்போவதைச் சாப்பிடலாம், கடற்பறவைகள் கையிலிருந்தே பிடுங்கும், மூடி வைத்துச் சாப்பிடுங்கள்.

எனவே தம்பி, உனக்கு இப்படிச் சொல்கிறேன். மூன்று நாளையும் பெல்-ஈலுக்கே கொடுத்துவிடு. பசங்க குகைக்குள்ளேதான் போகணும் என்று ஒற்றைக்காலில் நின்றால் போனிஃபாசியோ போங்கள், ஆனால் அம்மாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி ஆகும், அம்மா சரி என்றுதான் சொல்வார்கள், அதைக் கேட்டு நீ கிளம்பிவிடாதே. பெரிய மாமா கூட வந்தால் தீவில் வாடகைக் கார் எடுங்கள், வராவிட்டால் சீசனில் தீவைச் சுற்றி பஸ் ஓடுகிறது, கிபெரோன் கப்பலின் நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் ரயில் டிக்கெட் போடு, தலைகீழாகச் செய்யாதே. மே மாசம்தானே, வெயில்தானே என்று நினைக்காதே, அந்தக் காற்று மார்கழி வாடையைவிடக் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம் அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நேரு வீதிக்குக் கூட்டிப்போய் அடி வழுக்காத ஷூ ஒன்று வாங்கிக் கொடு, கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வாரமாவது தினமும் சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு காந்தி சிலை வரை நடக்கட்டும்.